மதர்போர்டா, கேபிளா? லேப்டாப் பழுது பற்றிச் சில கேள்விகள்

கேள்வி: லேப்டாப் வாங்கிய பத்தாவது மாதத்தில் திரை திடீர் திடீரென்று இருண்டுபோக ஆரம்பித்தது. மூடியைக் கொஞ்சம் சாய்த்தால் படம் வரும், நிமிர்த்தினால் போய்விடும். கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை மதர்போர்டு மாற்றினார்கள். சில வாரங்களில் மறுபடியும் அதே கதை. மூன்றாவது முறை போனால், ஒரு வருட வாரண்டி போன மாதமே முடிந்துவிட்டது, புது மதர்போர்டுக்குப் பணம் கட்டுங்கள் என்கிறார்கள். வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்து பிழைக்கிறேன். என்ன செய்வது? (வாசகி, திருப்பூர்)

பதில்: முதலில், பணம் கட்டாதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், லேப்டாப்பின் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் அந்த மதர்போர்டு மேலேயே எனக்குச் சந்தேகம் இல்லை. மூடியின் கோணம் மாறும்போது படம் வந்து போகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி டிஸ்ப்ளே கேபிள்தான். மதர்போர்டிலிருந்து திரைக்குப் போகும் அந்த மெல்லிய கேபிள், மூடியின் கீல் வழியாகத்தான் போகிறது. திறந்து மூட, திறந்து மூட, அந்த இடத்தில் நசுங்கும், இல்லை உள்ளே இழை அறுந்துபோகும்.

இதை நீங்களே சோதிக்கலாம். வீட்டு டிவியிலோ வேறு மானிட்டரிலோ எச்டிஎம்ஐ கேபிள் போட்டு லேப்டாப்பை இணையுங்கள். லேப்டாப் திரை இருண்டுபோகும் அதே நேரத்தில் டிவியில் படம் ஆடாமல் அசையாமல் ஓடினால், மதர்போர்டு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கிறது. கோளாறு கேபிளில், அல்லது திரையில். இரண்டு திரையும் தெரிகிற மாதிரி, மூடியை அசைத்துக்கொண்டே ஒரு வீடியோ எடுத்து வையுங்கள். பிறகு அது பேசும்.

மதர்போர்டை இரண்டு முறை மாற்றியவர்கள் இந்தச் சோதனையை ஒரு முறைகூடச் செய்யவில்லையா என்றுதான் தோன்றுகிறது. பாகத்தைக் கழற்றி மாட்டுவதையே ரிப்பேர் என்று நினைக்கிற சர்வீஸ் சென்டர்கள் இருக்கின்றன.

சரி, வாரண்டி விஷயம். பழுதை நீங்கள் முதலில் சொன்னது வாரண்டிக்குள். அதை அவர்கள் சரியாகத் தீர்க்கவில்லை, அதே பழுது தொடர்கிறது. இப்போது காலம் முடிந்துவிட்டது என்று கைகழுவுவது சேவைக் குறைபாடு என்று தாராளமாக வாதிடலாம். இதற்கு உங்கள் ஆயுதம் ஜாப் ஷீட், அதாவது லேப்டாப்பைப் பழுதுக்குக் கொடுக்கும்போது சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் சீட்டு. இரண்டு முறையும் கொடுத்த ஜாப் ஷீட்டில் ‘திரை இருண்டுபோகிறது’ என்று புகார் எழுதியிருக்கிறதா, தேதி இருக்கிறதா என்று பாருங்கள். காகிதம் தொலைந்திருந்தால் எஸ்எம்எஸ், மின்னஞ்சலில் வந்த புகார் எண்ணாவது இருக்கும். மாற்றிய பாகத்துக்குத் தனி வாரண்டி உண்டா என்றும் வாரண்டி அட்டையில் தேடுங்கள். மூன்று மாதம், அல்லது மீதமுள்ள வாரண்டிக் காலம், இரண்டில் எது அதிகமோ அது என்று எழுதியிருக்கும் கம்பெனிகள் உண்டு.

அப்புறம் கம்பெனியின் தலைமைக் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். சர்வீஸ் சென்டர் கவுன்ட்டரில் சண்டை போட்டுப் பயனில்லை, அங்கே இருப்பவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமே இருக்காது. பதில் வரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தமிழிலேயே புகார் பதியலாம். அவர்களால் உத்தரவு போட முடியாது, கம்பெனியிடம் எடுத்துப் போய்ப் பேசுவார்கள். பல பிரச்சினைகள் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

அங்கும் முடியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், கம்பெனி பெங்களூரில் இருக்கிறது என்று அங்கே ஓட வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். பழுது என்ன என்பதில் இழுபறி வந்தால், ஆணையமே பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

‘தொழிலுக்குத்தானே வாங்கினீர்கள், நீங்கள் நுகர்வோரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு சொல்லிப் பார்க்கும். அஞ்ச வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்கு வாங்கியவரும் நுகர்வோர்தான் என்று அதே சட்டம் சொல்கிறது.

இன்னொன்று. மதர்போர்டு மாற்றினால் லேப்டாப்பின் வரிசை எண்ணைப் புதிய போர்டில் பதிய வேண்டும். சில சமயம் மறந்துவிடுவார்கள். பயாஸ் திரையில் (விண்டோஸ் தொடங்கும் முன்னால் திறக்கும் அமைப்புத் திரை) தெரியும் எண்ணும் அடிப்பக்க ஸ்டிக்கரில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டச்பேடு மேலே எழும்பி, கிளிக் ஆகாமல் போய்விட்டது. டச்பேடு மாற்ற எவ்வளவு ஆகும்? (வாசகர், மதுரை)

பதில்: டச்பேடு விலை இருக்கட்டும், லேப்டாப்பை உடனே அணையுங்கள். சார்ஜரைப் பிடுங்குங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் டச்பேடுக்கு நேர் கீழே இருப்பது பேட்டரி. அது உப்பினால் டச்பேடு எழும்பும், அடிமூடி பிதுங்கும், சமதளத்தில் வைத்தால் லேப்டாப் ஆடும். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ, குத்திக் காற்றை எடுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும். நீங்களாக நெம்பி எடுக்காமல் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். பேட்டரியை எடுத்தபிறகு டச்பேடு தானாகவே சரியாகிவிட வாய்ப்பு உண்டு.

புது பேட்டரி வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை பேட்டரி வரும். பழைய பேட்டரியின் மேலேயே பாக எண்ணும் வோல்ட்டும் வாட்-அவர் அளவும் அச்சிட்டிருக்கும், அதைப் பொருத்திப் பாருங்கள். வேறு கம்பெனி தயாரித்தது என்று சொல்லியே விற்கும் ‘கம்பேட்டிபிள்’ பேட்டரியில் ஓரளவு நல்லவையும் இருக்கின்றன. அசல் கம்பெனியின் ஸ்டிக்கரை ஒட்டிப் பாதி விலைக்கு வருவதைத்தான் தொடக்கூடாது. மாட்டி முடித்ததும் பேட்டரியின் நிலையைச் சொல்லும் விண்டோஸ் பேட்டரி ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வடிவமைப்புக் கொள்ளளவு, இப்போது முழுதாக ஏறும் கொள்ளளவு என்று இரண்டு எண்கள் வரும். புது பேட்டரியில் இவை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பெரிய இடைவெளி இருந்தால் கடையில் ரொம்ப நாள் கிடந்த சரக்கு, அல்லது வேறு எங்கோ ஓடிய சரக்கு.

பழையதைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டாம். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழைய பேட்டரிகளைச் சேகரித்து மறுசுழற்சி செய்யும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

கேள்வி: வாரண்டி இருக்கும்போது வெளியில் ரேம் கூட்டினால் வாரண்டி போய்விடுமா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல கம்பெனிகள் ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), எஸ்எஸ்டி (கோப்புகளைச் சேமிக்கும் டிரைவ்) சேர்ப்பதை அனுமதிக்கின்றன, ஆனால் திறக்கும்போது ஏதாவது உடைந்தால் அது உங்கள் தலையில். அவர்களிடமே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் உங்கள் லேப்டாப்பில் ரேமைச் செருகக் காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள். இப்போது வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள், கூட்டவே முடியாது. ரேமின் வகையையும் பாருங்கள், டிடிஆர்4 வகை ஸ்லாட்டில் டிடிஆர்5 வகை ரேம் உட்காராது.

கேள்வி: சென்னை ரிச்சி தெருவில் எஸ்எஸ்டி வாங்கி மாட்டினேன். இருபது நாளில் செத்துவிட்டது. பில்லில் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது, கம்பெனியில் போய்ப் பார்த்துக்கொள் என்கிறார் கடைக்காரர். (வாசகர், தாம்பரம்)

பதில்: அந்த வரியைப் பார்த்து மனம் தளர வேண்டாம். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று நுகர்வோர் சட்டம் சொல்கிறது. பில் தர மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது. உங்களுக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது, இன்றைக்கே வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள்.

ஆனால் நடைமுறையையும் சொல்லிவிடுகிறேன். நல்ல பிராண்ட் எஸ்எஸ்டி என்றால் மூன்று ஆண்டோ ஐந்து ஆண்டோ வாரண்டி இருக்கும், கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொடுத்தால் மாற்றித் தருவார்கள். கடைக்காரரோடு மல்லுக்கட்டுவதைவிட அது சீக்கிரம் முடியலாம். பில்லில் எஸ்எஸ்டியின் வரிசை எண் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எழுதி முத்திரை வைத்துத் தரச் சொல்லுங்கள். உள்ளே இருந்த கோப்புகளுக்கு வாரண்டி கிடையாது, கொடுத்த டிரைவும் திரும்ப வராது. மாற்றித் தருவது வேறொன்றாக இருக்கும். முக்கியமான தரவு உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் முதலில் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் காட்டுங்கள், ஆனால் அவர் டிரைவைத் திறந்தால் வாரண்டி போய்விடக்கூடும் என்பதையும் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

பில்லை இன்றே போட்டோ எடுத்து வையுங்கள். தெர்மல் தாளில் அடித்த பில் என்றால் சில மாதத்தில் எழுத்து வெளுத்துவிடும், அப்புறம் எந்தத் தேதியில் வாங்கினீர்கள் என்பதே தெரியாது.