ஞாயிற்றுக்கிழமையும் படித்தால்தான் எம்.பி.பி.எஸ். தேற முடியுமா?

கேள்வி: அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறேன். விடுதியில் இருக்கிறேன். வகுப்பு தொடங்கி ஐந்து மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமையும் விடாமல் படித்தும் அனாட்டமி (உடற்கூறியல்) முதல் இன்டர்னலில், அதாவது கல்லூரியே நடத்தும் தேர்வில், போய்விட்டது. இப்போது புத்தகத்தைத் திறந்தாலே அலுப்பு. திறக்காவிட்டால் குற்ற உணர்ச்சி. என் அறைத்தோழி தமிழ்வழியில் படித்து, அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள். இரவு இரண்டு மணி வரை விழித்துப் படிக்கிறாள். அவள் விளக்கு எரியும்போது நான் படுக்கவே கூச்சமாக இருக்கிறது. நீட் பி.ஜி. (மருத்துவ மேற்படிப்பு நுழைவுத் தேர்வு) பயிற்சி ஆப்பில் இப்போதே சேர்ந்துவிடு, தள்ளுபடி இந்த வாரத்தோடு முடிகிறது என்கிறார் ஒரு சீனியர். வாரத்தில் ஒரு நாள் முழுதாக ஓய்வெடுக்கலாமா? எத்தனை மணி நேரம் படித்தால் போதும்?

பதில் (உடலியங்கியல் பேராசிரியர், மாணவியர் விடுதிக் காப்பாளராகப் பணியாற்றியவர்):

தாராளமாக எடுங்கள். எடுக்காமல் இருப்பதுதான் உங்கள் அனாட்டமி மதிப்பெண்ணுக்குக் கெடுதல். அந்த நாளை வாரம் தொடங்கும் முன்பே ஒதுக்கி வைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. "எல்லாம் முடிந்த பிறகு ஓய்வெடுக்கலாம்" என்று இருப்பவர்களுக்கு ஓய்வு கிடைப்பதே இல்லை, ஏனென்றால் மருத்துவப் படிப்பில் "எல்லாம் முடிந்தது" என்று ஒரு நாள் வருவதில்லை.

கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். முதலாண்டில் வகுப்பும் செய்முறையுமாக ஏறத்தாழ 39 மணி நேரம் போகும். இரவுக்கு ஏழரை மணி நேரம் தூங்கினால் 52. சாப்பாடு, குளியல், நடை, மெஸ் வரிசை எல்லாவற்றுக்கும் 25 என்று தாராளமாகவே வையுங்கள். இன்னும் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் கையில் இருக்கிறது. அதில் சொந்தப் படிப்புக்கு 23 மணி நேரம் போதும். வார நாட்களில் மாலை மூன்றரை மணி நேரம், சனிக்கிழமை இரண்டரை மணி நேரம், ஞாயிறு மாலை மூன்று மணி நேரம். சனி மாலை ஆறு மணிக்குப் புத்தகத்தை மூடினால் ஞாயிறு மாலை நான்கு மணி வரை தொடக் கூடாது.

அந்த ஞாயிறு மாலை மூன்று மணி நேரத்தில் புதிய பாடம் எதையும் எடுக்காதீர்கள். வாரம் முழுக்கப் படித்ததைப் புத்தகம் பார்க்காமல் வெற்றுத் தாளில் எழுதுங்கள், வரையுங்கள். பிரேக்கியல் பிளெக்ஸஸை (கைக்குச் செல்லும் நரம்புப் பின்னல்) மூன்று முறை வாசித்தவரைவிட ஒரு முறை வாசித்து இரண்டு முறை நினைவிலிருந்து வரைந்தவர்தான் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) தடுமாறாமல் நிற்கிறார். நீங்கள் தோற்றது நேரப் பற்றாக்குறையால் அல்ல. வாசித்துக்கொண்டே இருந்ததால்தான் என்பது என் கணிப்பு.

இன்னொரு விஷயம், விடுதி மாணவிகள் பலர் ஞாயிறை எப்படித் தொலைக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். காலையில் துணி துவைப்பு, மதியம் ஹிஸ்டாலஜி (திசுவியல்) ரெக்கார்டில் இளஞ்சிவப்புப் பென்சிலும் ஊதாப் பென்சிலும் வைத்துப் படம் போடுவது, மாலையில் ரீல்ஸ். இரவு படுக்கும்போது ஓய்வும் எடுக்கவில்லை, படிக்கவும் இல்லை. ரெக்கார்டைச் செய்முறை நடந்த அன்று மாலையே முடித்துவிடுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தது அப்போது கண்ணில் இருக்கும், அரை மணியில் முடிந்துவிடும். துணியைச் சனி மாலை ஊறப் போடுங்கள். ஞாயிறு காலை வளாகத்தை விட்டு வெளியே போங்கள். கோயிலோ, கடற்கரையோ, அத்தை வீடோ, எங்கே என்பது முக்கியமில்லை. உடலைப் பதப்படுத்தும் ஃபார்மலின் வாடையும் இன்டர்னல் பேச்சும் இல்லாத இடமாக இருந்தால் சரி.

தூக்கத்தைப் பற்றி உடலியங்கியல்காரராக ஒன்று சொல்லியாக வேண்டும். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்தும் வேலையில் பெரும்பங்கு தூக்கத்தில்தான் நடக்கிறது. 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கண்-கை ஒத்திசைவுச் சோதனை ஒன்றைச் செய்தார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கப்பட்ட வரம்பு 0.03 சதவீதம். காலை ஆறரைக்கு எழுந்தவர் இரவு பதினொன்றரைக்கே அந்த நிலைக்கு வந்துவிடுகிறார். அதற்குப் பிறகு படிப்பது எந்த நிலையில் படிப்பது என்று யோசியுங்கள். மாலை ஆறு மணிக்குமேல் காபி வேண்டாம். குடித்த கஃபீனில் பாதியாவது குறைய சுமார் ஐந்து மணி நேரம் ஆகும்.

இப்போது உங்கள் அறைத்தோழி. நான் சொன்ன கணக்கு அவருக்கு அப்படியே பொருந்தாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்கள் இந்த ஒதுக்கீட்டில் வருகிறார்கள். அவர்களுடைய திறமையில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் தமிழ்வழியில் படித்து வந்தவர் தொடக்க மாதங்களில் இரண்டு வேலை செய்கிறார். ஒன்று பாடம், மற்றொன்று மொழி. நீங்கள் இருபது நிமிடத்தில் முடிக்கும் பக்கம் அவருக்கு ஐம்பது நிமிடம் எடுக்கும். அந்தக் கூடுதல் நேரத்தை அவர் தூக்கத்திலிருந்து எடுக்கிறார். அதை எடுக்க வேண்டிய இடம் புத்தக அடுக்கு. ஒரு பாடத்துக்கு ஒரே ஒரு புத்தகம், அதுவும் துறை ஆசிரியர் சொல்வதில் மெல்லியது. மற்றவற்றை மூடி வைக்கட்டும். மீடியல், லேட்டரல், சுப்ரா, இன்ஃப்ரா, ஹைப்பர், ஹைப்போ என்று திரும்பத் திரும்ப வரும் சொற்களையும் முன்னொட்டுகளையும் ஒரு சின்ன நோட்டில் எழுதி வைக்கட்டும். நூறு தெரிந்தால் பாதி அனாட்டமி வாசிக்கக் கூடியதாகிவிடும். கருத்தைத் தமிழில் புரிந்துகொள்வதில் எந்தத் தவறும் இல்லை. புரிந்த பிறகு விடையை ஆங்கிலத்தில் வாய்விட்டு உங்களிடம் சொல்லிப் பார்க்கட்டும். தினமும் பதினைந்து நிமிடம் போதும், உங்களுக்கும் அது திருப்புதல்தான். இந்தத் தொடக்க மாதங்களுக்கு மட்டும் அவருடைய ஓய்வு ஞாயிறு காலையிலிருந்து மதியம் ஒரு மணி வரை என்று சுருங்கலாம். அதற்குக் கீழே குறைக்கக் கூடாது. தூக்கத்தில் அவருக்கும் விலக்கு கிடையாது. இரவு இரண்டு மணி விளக்கு அவரையும் தோற்கடிக்கும். பாடத்திட்டத்தின் தொடக்கப் பயிற்சியில் மொழித்திறன் வகுப்பு என்று ஒன்று இருக்கிறது. அதைப் பெயருக்கு நடத்திவிட்டு, பிறகு அதே பிள்ளைகள் வைவாவில் வார்த்தை தேடும்போது முகம் சுளிக்கும் பரீட்சகர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

விழித்திருக்க மாத்திரை தருகிறேன் என்று விடுதிக்குள் யாராவது வந்தால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். மோடஃபினில் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. மெதில்ஃபெனிடேட் போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது.

வருகைப் பதிவில் இன்னொரு பொறி. ஓய்வு வேண்டும் என்று வகுப்பை வெட்டாதீர்கள். தியரியில் 75 சதவீதம், செய்முறையில் 80 சதவீதம் இல்லாவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. குறைந்துபோன வருகையைச் "சரிசெய்து" தருவதாகவும், மருத்துவச் சான்றிதழ் வாங்கித் தருவதாகவும் சொல்லிக் காசு கேட்கிற ஆட்கள் கல்லூரிகளைச் சுற்றி இருக்கிறார்கள். சான்றிதழ் நீங்கள் ஏன் வரவில்லை என்பதைத்தான் சொல்லும், வராத நாளை வந்த நாளாக்காது. நாளை நீங்களே சான்றிதழில் கையெழுத்துப் போடப் போகிறவர்; பொய்ச் சான்றிதழைக் கையில் வாங்கிப் பழகாதீர்கள்.

ஓய்வு உங்கள் பொறுப்பு மட்டும்தானா என்றால், இல்லை. தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த மனநலப் பணிக்குழு 2024-இல் அறிக்கை கொடுத்தது. அதன் இணையவழிக் கணக்கெடுப்பில் பங்கேற்ற இளநிலை மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தங்களுக்கு மனநலப் பாதிப்பு கண்டறியப்பட்டிருப்பதாகத் தெரிவித்தார்கள். மேற்படிப்பு படித்துக்கொண்டே மருத்துவமனையில் பணியாற்றும் உறைவிட மருத்துவர்களுக்கு வாரம் 74 மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது, வாரம் ஒரு நாள் விடுப்பு வேண்டும் என்று குழு பரிந்துரைத்தது. 1992-இலேயே மத்திய அரசு 48 மணி நேரம் என்று எழுதி வைத்திருந்தது. முப்பது ஆண்டுக்கு மேல் கழித்து அது 74 ஆகி, அதுவும் பரிந்துரையாகவே நிற்கிறது! மேலே இருப்பவர்கள் ஓய்வில்லாமல் வேலை செய்வதைப் பெருமையாகப் பேசும் இடத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட் வைக்கும் துறைகள் உருவாகின்றன. உங்கள் துறையும் அப்படிச் செய்தால் வகுப்புப் பிரதிநிதி மூலம் எல்லோரும் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். தனியாகப் போய்க் கேட்காதீர்கள்.

ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதிய அலுப்பு, அதோடு வரக்கூடிய உடல் சோர்வு, "என்னால் முடியவில்லை" என்ற எண்ணம் எல்லாம் பர்ன்அவுட்டின் (ஓயாத சுமையால் வரும் தளர்ச்சி) அறிகுறிகள். ஒழுங்கான தூக்கத்திலும் வாராந்திர ஓய்விலும் மூன்று நான்கு வாரத்தில் அவை தணிய ஆரம்பிக்க வேண்டும். ஞாயிறு ஓய்வெடுத்தும் திங்கள் காலை அதே கனம், பசியில்லை, தூக்கம் கலைகிறது, எதிலும் பிடிப்பில்லை என்று இரண்டு வாரம் தொடர்ந்தால் அட்டவணை போட்டுக்கொண்டிருக்காதீர்கள், மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்படியே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். நம் பெண்பிள்ளைகளுக்கு ரத்தசோகை சாதாரணம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 முதல் "மனம்" என்ற மனநல நல்லாதரவு மன்றம் இருக்கிறது. சொந்தக் கல்லூரியில் பேசத் தயக்கமாக இருந்தால் 14416 இலவச எண், எந்த நேரமும் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே சொல்லுங்கள்.

கடைசியாக அந்த ஆப். சேர வேண்டாம். நீட் பி.ஜி. உங்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது. அதில் வரும் 19 பாடங்களில் நீங்கள் இப்போது முக்கியமாகத் தொட்டிருப்பது மூன்று. அந்த மூன்றுக்கும் உங்கள் கல்லூரி வகுப்பும் ஒரு புத்தகமும் போதும். ஆப் வாங்கியவர் என்ன செய்கிறார்? கல்லூரியில் கேட்ட பாடத்தை இரவில் இன்னொரு முறை வீடியோவில் கேட்கிறார். நான் மேலே மிச்சப்படுத்திக் காட்டிய மணி நேரமெல்லாம் அதில்தான் போகிறது. எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வுக்கும் நீட் பி.ஜி.க்கும் பதிலாக அறிவிக்கப்பட்ட நெக்ஸ்ட் தேர்வு வந்துவிட்டது என்ற பதற்றத்தில் பணம் கட்டியவர்கள் உண்டு. 2023 ஜூலையில் அந்தத் தேர்வையே ஆணையம் ஒத்திவைத்தது. உங்கள் சீனியர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் தரும் தள்ளுபடிக் குறியீட்டில் ஒவ்வொரு சேர்க்கைக்கும் அவருக்குப் பணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள். வாரக் கடைசியில் முடிகிற தள்ளுபடி அடுத்த பண்டிகைக்கு வேறு பெயரில் வரும்.

உங்கள் அப்பா ஏற்கெனவே தவணைக்குச் சம்மதித்திருந்தால் அந்த ஒப்பந்தத்தை முழுதாக வாசியுங்கள். தவணை என்ற பெயரில் நிதி நிறுவனக் கடனாக அவர் பெயரில் பதிவாகியிருக்கக் கூடும். அப்படியிருந்தால் வங்கியில் மட்டும் பிடித்தத்தை நிறுத்துவது ஆபத்து, கடன் நிலுவையாகிவிடும். முதலில் ஆப் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ரத்துக் கோரிக்கை அனுப்பி, அதன் நகலை நிதி நிறுவனத்துக்கும் அனுப்பச் சொல்லுங்கள். பேச்சில் முடிக்க வேண்டாம், எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.