இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார்கள், பிரிக்கலாமா?

பெங்களூரு கலாசிபாளையத்தில் டீசல் வண்டிகளுக்கு ஷெட் நடத்தும் நம் மெக்கானிக், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

*கேள்வி:* அண்ணா, என்னிடம் 2017 மாடல் டீசல் பிக்கப் இருக்கிறது. நாலு சிலிண்டர், டர்போ, காமன் ரெயில். ராத்திரி ராயக்கோட்டை போய், வண்டியிலேயே கொஞ்சம் தூங்கி, தக்காளி ஏற்றிக்கொண்டு விடிவதற்குள் மார்க்கெட்டுக்கு வந்துவிடுவேன். இப்போது கொஞ்ச நாளாக, ஸ்டார்ட் செய்ததும் இன்ஜினில் 'டிக் டிக் டிக்' என்று சத்தம். ரேஸ் கொடுத்தால் அதுவும் வேகமாகிறது. ஓசூர் வருவதற்குள் தானாக நின்றுவிடுகிறது. லோடோடு மேம்பாலம் ஏறினால் லேசாகத் திரும்பக் கேட்கிறது, வண்டி முன்போல இழுப்பதும் இல்லை. ஒருவர் டேப்பட், அதாவது வால்வு இடைவெளி, என்று சொல்லி அட்ஜஸ்ட் செய்தார், போகவில்லை. இன்னொருவர் டீசலைப் பீய்ச்சும் நாசில் என்றார். மூன்றாவது ஆள் கனெக்டிங் ராடு பேரிங் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார். கேபினில் புகை வாடையும் வருகிறது, பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டேன். தவணை இன்னும் முடியவில்லை. என்ன செய்வது?
— வாசகர், பொம்மனஹள்ளி

*பதில்:* தம்பி, இன்ஜினை இறக்காதீர்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கையை வைத்துக் காட்டும்வரை ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள். மூன்று பேரும் என்ன சத்தம் என்று கேட்டிருக்கிறார்கள். எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: குளிர்ந்த இன்ஜினில் வருகிறது, சூடேறினால் போகிறது, லோடு ஏறினால் திரும்புகிறது. கூடவே புகை வாடை, இழுவைக் குறைச்சல். இந்த ஐந்தும் சேர்ந்தால் நான் முதலில் போய்ப் பார்க்கிற இடம் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்கு அனுப்பும் குழாய். அங்கே இடுக்கை அடைக்கும் கேஸ்கட் போயிருக்க வேண்டும், இல்லை அதை இறுக்கிப் பிடிக்கும் ஒரு ஸ்டட் (மரை போட்ட கம்பி) உடைந்திருக்க வேண்டும்.

ராடு பேரிங், அதாவது பிஸ்டனை இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்க்கோடு சேர்க்கும் ராடின் பேரிங், பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். குளிரில் ஆயில் கெட்டியாக இருப்பதால் தேய்ந்த பேரிங்கின் இடைவெளியை அது நிரப்பி வைக்கும். சூடேறி ஆயில் இளகியதும்தான் 'டொக் டொக்' என்று அடிவயிற்றிலிருந்து தட்டும், போகப்போகக் கூடும். மேனிஃபோல்டு அப்படியில்லை. அது வார்ப்பிரும்பு. லோடில் புகையின் சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இரும்பு விரிந்து, இருக்கிற சந்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் உங்களுக்கு ஓசூருக்குள் சத்தம் நிற்கிறது. மேம்பாலத்தில் அழுத்தம் கூடும்போது அதே சந்தில் புகை மறுபடி பீறிடுகிறது. டர்போவைச் சுற்ற வேண்டிய புகை வழியிலேயே ஒழுகிப் போனால் இழுவை குறையத்தான் செய்யும்.

இதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். செலவே இல்லாமல் சோதித்துப் பாருங்கள்.

முதலில் போன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானெட்டைத் திறந்து, ஐடிலிங்கில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். அப்புறம் அதைக் கால் வேகத்தில் ஓடவிட்டு எண்ணுங்கள். ஐடிலிங் 800 ஆர்.பி.எம். என்றால் கிராங்க் நிமிடத்துக்கு 800 தடவை சுற்றும். ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும், அதாவது 400. வால்வும் நாசிலும் எக்ஸாஸ்ட் ஒழுக்கும் இந்த 400 கணக்கில் வரும். ராடு, பிஸ்டன் தட்டினால் பெரும்பாலும் 800 கணக்கு. கால் வேகத்தில் அது நிமிடத்துக்கு 100, 200 என்று இறங்கிவிடும், வாயால் எண்ணிவிடலாம். 100 பக்கம் வந்தால் ராடு பேரிங் பேச்சைப் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

அடுத்து இடம் கண்டுபிடிப்பது. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரம் வைத்துக் கேட்பது எல்லா ஷெட்டிலும் செய்வதுதான். வால்வு கவர், நாசில் பக்கம், கீழே ஆயில் தேங்கும் சம்ப் என்று ஒவ்வொரு இடமாக வைத்தால் சத்தம் எங்கே கனமாக இருக்கிறது என்று தெரியும். ஆனால் அது இரும்புக்குள் ஓடும் சத்தத்தைத்தான் காட்டும். புகை ஒழுகுவது காற்றுச் சத்தம், அதற்கு ரப்பர் ஓஸ் வேண்டும். ஒன்றரை அடி பழைய ஹீட்டர் ஓஸ் போதும். ஒரு முனை காதில், மறு முனையை மேனிஃபோல்டு, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டோடு சேரும் விளிம்பில் மெதுவாக நகர்த்திக்கொண்டே போங்கள். ஒழுகும் இடம் வந்ததும் 'டிக்' என்பது 'ஃபட் ஃபட்' என்று காதில் அறையும். ஃபேன், பெல்ட் பக்கம் கையும் துண்டும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்ஜின் ஆறிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே ஹீட் ஷீல்டு தகடு இருந்தால் அதன் இடுக்கு வழியாகப் பார்க்கலாம். ஒழுகும் இடத்தில் ஹெட்டின்மேல் கரி விசிறி மாதிரி விரிந்து படிந்திருக்கும். விரிசலுக்குப் பக்கத்தில் அடர் கறுப்பு, போகப்போக மெல்லிய சாம்பல் நிறம். விரல் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு இருக்காது, உலர்ந்த பொடியாக ஒட்டும். பிசுபிசுப்பாக இருந்தால் அது வால்வு கவரிலிருந்து இறங்கிய ஆயில், அந்த விஷயம் வேறு. ஸ்டட்களையும் எண்ணிப் பாருங்கள். மேனிஃபோல்டு நீளவாக்கில் விரிந்து சுருங்குவதால் இரண்டு ஓரத்து ஸ்டட்கள்மேல்தான் அதிக இழுப்பு, உடைவதும் பெரும்பாலும் அவைதான். நட்டு மட்டும் காணாமல் போய், உடைந்த துண்டு ஹெட்டுக்குள்ளேயே நிற்கும்.

கரி சரியாகத் தெரியவில்லை என்றால் சைலன்சர் வாயில் சின்ன புளோயரை வைத்துக் காற்றடித்து, மேனிஃபோல்டு விளிம்பில் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை.

ஒரு எச்சரிக்கை. எந்தச் சிலிண்டர் என்று பார்க்க, பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் நாசில் பைப்பின் நட்டைத் தளர்த்துவோம். காமன் ரெயிலில், அதாவது எல்லா நாசிலுக்கும் ஒரே குழாயிலிருந்து உயர் அழுத்த டீசல் போகும் உங்கள் வண்டியில், அதை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். ஐடிலிங்கிலேயே டீசலின் அழுத்தம் 200 பாருக்கு (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) மேல் இருக்கும், லோடில் 1000 பாரைத் தாண்டும். அந்த டீசல் கையில் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலிகூட உடனே இருக்காது, ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது. கையையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஸ்கேனர் போட்டால் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் வெடிப்பு நின்றால் புகை ஒழுக்கின் சத்தமும் குறையும், ராடு தட்டுவதும் குறையும். ஆகவே அந்தச் சோதனை சிலிண்டரை மட்டும்தான் காட்டும், நோயைக் காட்டாது. அதை மட்டும் வைத்து ராடு என்று முடிவு கட்டுகிறவரிடம் வண்டியை விடாதீர்கள்.

ஸ்டட் உடைந்திருந்தால் அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள். துருவை இளக்கும் எண்ணெயை ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, அந்தச் சூட்டோடு மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துத் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும். உள்ளேயே உடைந்திருந்தால் துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். துளை கோணினால் ஹெட் வீண், அங்கே கை நிதானமான ஆள் வேண்டும். மேனிஃபோல்டின் முகம் வளைந்திருக்கிறதா என்று லேத்தில் மட்டக்கோல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வளைந்ததை அப்படியே புது கேஸ்கட்டோடு இறுக்கினால் கொஞ்ச மாதத்தில் அதே சத்தம் வரும். ஒரு ஸ்டட் உடைந்திருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஜே.சி. ரோட்டில் எல்லாம் கிடைக்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு, டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து இறுக்க வேண்டும். இத்தனையும் சேர்த்தாலும் இன்ஜின் பிரிக்கும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

இதுவரை சொன்னதைவிட முக்கியமான ஒன்று. வேலை முடியும்வரை, இன்ஜினை ஓடவிட்டு கேபினில் தூங்காதீர்கள். இன்ஜின் அறையில் ஒழுகும் புகை புளோயர் வழியாக உள்ளே வருகிறது, நீங்கள் சொன்ன வாடை அதுதான். அதில் இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்தில் தலைவலிகூட எழுப்பாது. ராயக்கோட்டையில் பனிக்குப் பயந்து கண்ணாடியை ஏற்றி, ஹீட்டர் போட்டுப் படுக்கிற டிரைவர்கள் எத்தனையோ பேர். இன்ஜினை அணைத்து, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, போர்வை போர்த்திக்கொண்டு படுங்கள்.

இந்தச் சோதனைகளில் எதுவுமே சிக்காமல், ஓஸிலும் ஒன்றும் கேட்காமல், நாசில் அடியில் தார் மாதிரி கறுப்பு கட்டியாகப் படிந்திருந்தால் அது நாசில் வாஷர். அதையும் இன்ஜினை இறக்காமலே சரி செய்யலாம். ஆயில் விளக்கு எரிந்தால் மட்டும் கதையே வேறு. அந்த இடத்திலேயே வண்டியை அணைத்து, கட்டி இழுத்து வாருங்கள்.

*கேள்வி:* கிளட்சை மிதித்தால் 'கிர்ர்' என்று சத்தம் வருகிறது, காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. கியர் பாக்ஸ் போய்விட்டதா, ஐயா?
— வாசகர், பீன்யா

*பதில்:* கியர் பாக்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது. மிதித்தால் வருவது, கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கின் சத்தம். நியூட்ரலில் கால் எடுத்திருக்கும்போது வந்து, மிதித்தால் நின்றால்தான் கியர் பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். ரிலீஸ் பேரிங்கின் விலை பெரிதில்லை, கியர் பாக்ஸ் இறக்கும் கூலிதான் பெரிது. இறக்கியதும் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட் தேய்மானத்தைப் பாருங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால் சேர்த்தே மாற்றுங்கள், இரண்டாவது தடவை கூலி கொடுக்க வேண்டாம். சில்க் போர்டு சிக்னலில் நிற்கும்போது கிளட்சை மிதித்தபடியே நிற்காதீர்கள், நியூட்ரலுக்கு வாருங்கள். இந்த ஊர் நெரிசலில் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் போவதற்கு அதுதான் பெரிய காரணம்.

*கேள்வி:* என் கணவரும் நானும் மினி டிரக்கில் பூ விற்கிறோம். மழை பெய்த மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்தால் 'கீச்' என்று கத்துகிறது, தெருவே திரும்பிப் பார்க்கிறது. ரெண்டு நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. விட்டுவிடலாமா?
— வாசகி, கே.ஆர். புரம்

*பதில்:* விடாதீர்கள் அம்மா, அது பெல்ட். இன்ஜின் ஓடும்போது பெல்ட்டின் உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தூரத்திலிருந்தே தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் சற்று நேரம் நின்று திரும்பினால் பெல்ட் தேய்ந்திருக்கிறது, இல்லை புல்லி நேராக இல்லை. தண்ணீர் பட்டதும் கூடினால் டென்ஷன் குறைவு. பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டிப் பார்ப்பதும் உண்டு. சத்தம் நின்றுபோனால் பெல்ட், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஐட்லர் புல்லி இவற்றில் ஒன்று. கையால் ஒவ்வொரு புல்லியாகச் சுற்றினால் கரகரப்பு விரலிலேயே தெரியும். ஆனால் அந்த நிலையில் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தக் கூடாது. நம் ஊர் டீசல் வண்டிகள் பலவற்றில் பிரேக் மிதியை லேசாக்கும் பூஸ்டருக்கான வேக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கிறது. பெல்ட் இல்லையென்றால் பிரேக் கல்லாக இறுகும். ஓடும்போது பெல்ட் அறுந்தாலும் அதே கதிதான். அதனால்தான் விடாதீர்கள் என்கிறேன்.

*கேள்வி:* சத்தம் குறைய கெட்டியான ஆயில் ஊற்றச் சொல்கிறார் ஒரு நண்பர். ஊற்றலாமா?
— வாசகர், அல்சூர்

*பதில்:* வேண்டாம். வண்டியின் கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதை மட்டும் ஊற்றுங்கள். கெட்டி ஆயில் சத்தத்தைக் கொஞ்சம் மூடி மறைக்கும், ஆனால் குளிர்ந்த இன்ஜினில் மேலே ஏறத் தாமதமாகும். டர்போ பேரிங்கும் கேம் ஷாஃப்ட்டும் அந்தச் சில நொடிகள் வறண்டு ஓடும். ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடாமல், ஷெட்டில் அறுத்து விரித்துக் காட்டச் சொல்லுங்கள். மடிப்புகளில் பளபளவென்று உலோகத் துகள் மின்னினால் வண்டியை மேலே ஓட்டாமல் எனக்கு எழுதுங்கள். என்ன வண்டி, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, சத்தம் குளிரிலா சூட்டிலா என்று மறக்காமல் குறிப்பிடுங்கள்.