மாத்திரைக்குள் இருக்கும் மூலக்கூறைச் செய்வது எப்படி? கேள்வி பதில்

மருந்து மூலப்பொருள் தயாரிக்கும் ஆலையில் வேதியியலராக வேலை செய்கிறேன். புதிய தயாரிப்பு முறைகளைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு, தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

செல்வி: அக்கா, அப்பா சர்க்கரைக்கு சிட்டாகிளிப்டின் சாப்பிடுகிறார். அதை நொதி வைத்துச் செய்கிறார்களாமே, பழைய மாத்திரையும் அதுவும் ஒன்றுதானா?

ஒன்றுதான், பயப்படாதே. எல்லாக் கம்பெனியும் அப்படிச் செய்வதில்லை. ஆனால் எந்த வழியில் போனாலும் கடைசியில் கிடைப்பது அதே மூலக்கூறு.

அந்த மூலக்கூறுக்கு, இடது கால் வலது கால் செருப்பு மாதிரி, இரண்டு வடிவம் உண்டு. மருந்தாக வேண்டியது ஒன்று மட்டும். மெர்க் கம்பெனி முன்பு ரோடியம் என்ற உலோக வினையூக்கி போட்டு, காற்றழுத்தத்தைப் போலச் சுமார் 17 மடங்கு அழுத்தத்தில் ஹைட்ரஜன் ஏற்றியது. வேண்டாத வடிவமும் கொஞ்சம் கூடவே வந்தது. அதை நீக்க ஒரு வேலை, ரோடியத்தை நீக்க இன்னொரு வேலை.

பிறகு கோடெக்ஸிஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு நொதியை எடுத்தார்கள். தொடக்கத்தில் அது இந்த மூலக்கூறை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூலக்கூறு பெரிது, நொதியில் வினை நடக்கும் குழி சின்னது. குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி, தேறியதை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுத்து, கடைசியில் 27 மாற்றங்கள் செய்தார்கள். 2010-இல் வெளியிட்டபோது வேண்டாத வடிவம் கண்ணிலேயே படவில்லை, கழிவு 19 சதவீதம் குறைந்திருந்தது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் வேலை இது. நொதிகளை இப்படிப் பழக்கும் வழியைக் காட்டிய ஃபிரான்சஸ் ஆர்னால்டுக்கு 2018-இல் நோபல் கிடைத்தது.

பிரபாகர்: ஸ்டெப் குறைந்தால் என்ன லாபம், மேடம்?

ஐபுப்ரோஃபெனைப் பாருங்கள். 1960-களின் முறையில் ஆறு ஸ்டெப். உள்ளே போன அணுக்களில் 40 சதவீதம்தான் மருந்தானது, மீதி கழிவு. 1992-இல் டெக்சாஸில் தொடங்கிய ஆலை மூன்றே ஸ்டெப்பில் அதை 77 சதவீதமாக்கியது.

ரஹீம்: புதுமுறை என்றால் நல்லதுதானே?

அப்படி நம்பிவிடக் கூடாது. இரத்த அழுத்த மருந்தான வல்சார்டனை 2018-இல் பல நாடுகள் திரும்பப் பெற்றன. சீனாவில் ஒரு ஆலை விளைச்சலைக் கூட்டச் செய்முறையை மாற்றியிருந்தது. வினையில் மிஞ்சிய அசைடு என்ற வேதிப்பொருளை அழிக்கச் சோடியம் நைட்ரைட் போட்டார்கள். கரைப்பானான டிஎம்எஃப் சிதைந்து வந்த அமீன் என்ற பொருளோடு நைட்ரைட் சேர்ந்து என்டிஎம்ஏ உண்டாகிவிட்டது. புற்றுநோய் உண்டாக்கக்கூடிய பொருள் அது. அதைத் தேடும் சோதனை அன்றைக்கு வழக்கத்தில் இல்லாததால், வருடக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை. மருந்து மூலக்கூறு அதேதான், கூட வந்ததுதான் வேறு. அதனால் ஒரு கரைப்பானை மாற்றினாலும் "இனி புதிதாக என்னென்ன உண்டாகலாம்?" என்று தாளில் எழுதிப் பார்த்த பிறகே பாத்திரத்தைத் தொடுவேன்.

கார்த்திகா (எம்.எஸ்சி.): நான் எதை முதலில் கற்க வேண்டும், அக்கா?

சுசூகி இணைப்பு வினை. பல்லேடியம் கொண்டு கார்பனையும் கார்பனையும் இணைப்பது, 2010-இல் நோபல் வாங்கியது. மருந்து லேபில் அன்றாடம் புழங்கும். அப்புறம், டிஎல்சி (கலவையைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சோதனை) தகட்டில் ஒற்றைப் புள்ளி தெரிந்ததும் சுத்தம் என்று முடிவு கட்டாதே. வேறு கரைப்பானில் இன்னொரு தகடு ஓட்டு. இரண்டு பொருள்கள் ஒரே புள்ளியில் ஒளிந்திருந்தால் அப்போது பிரிந்து நிற்கும்.