பார்க்கின்சன் மாத்திரையைத் தொடங்குவதா, தள்ளிப்போடுவதா? – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அப்பாவுக்கு 63 வயது. மூன்று மாதம் முன்பு பார்க்கின்சன் என்று உறுதி செய்தார்கள். வலது கை நடுங்குகிறது, கையெழுத்து சிறுத்துவிட்டது. லெவோடோபா எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். "இப்பவே ஆரம்பிச்சா அஞ்சு வருஷத்துல மாத்திரை கேட்காது" என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அப்பா அதைத் தொடவே மறுக்கிறார். தள்ளிப்போடலாமா?

பதில்: பின்னால் தேவைப்படும் என்று மாத்திரையைச் சேமித்து வைப்பதுதான் காரணமென்றால், வேண்டாம். லெவோடோபாவுக்கு ஐந்து வருட ஆயுள் என்று ஒன்றும் கிடையாது. அந்த பயம் எங்கிருந்து வந்தது என்று அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

உடல் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளை மூளையில் சுரக்கும் செல்கள் குறைவதுதான் இந்த நோய். ஆரம்பத்தில் மிச்சமிருக்கும் செல்கள் லெவோடோபாவை டோபமைனாக மாற்றிச் சேமித்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியிடுகின்றன. அதனால் நாளைக்கு மூன்று வேளை போட்டாலே நாள் முழுக்கத் தாங்குகிறது. வருடங்கள் போகப்போக அந்தச் சேமிப்புக் கிடங்கு சுருங்கிவிடும். ரத்தத்தில் மருந்து இருக்கும் நேரம்தான் வேலை செய்யும் நேரம் என்றாகிவிடும். அடுத்த வேளைக்கு முன்பே கை கால் மெதுவாவது இதனால்தான். மாத்திரை தேய்ந்துவிடவில்லை, நோய் நகர்ந்திருக்கிறது.

2019இல் வெளியான ஓர் ஆய்வில் 445 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு உடனே லெவோடோபா, மற்றவர்களுக்கு 40 வாரம் கழித்து. 80 வாரம் முடிந்தபோது இரண்டு தரப்பும் ஒரே நிலையில்தான் இருந்தன. சீக்கிரம் தொடங்கியதால் நோய் வேகமெடுக்கவில்லை. அதே சமயம் மெதுவாகவும் இல்லை. இது நோயை நிறுத்தும் மருந்தல்ல, அறிகுறியைக் குறைக்கும் மருந்து. 2014இல் கானாவையும் இத்தாலியையும் ஒப்பிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. மருந்து கிடைக்காததால் கானா நோயாளிகள் பல வருடம் தாமதமாகத்தான் தொடங்கினார்கள். ஆனாலும் மருந்தின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துபோவதும் கட்டுப்பாடற்ற அசைவுகளும் நோய் தொடங்கி ஏறத்தாழ அதே காலத்தில்தான் வந்தன. காத்திருந்ததால் அவர்கள் இழந்தது நன்றாக நடமாடியிருக்கக்கூடிய வருடங்களை.

ஆகவே முடிவை அப்பாவின் கையும் காலும் சொல்லட்டும். சட்டைப் பொத்தான் போட முடிகிறதா? கையெழுத்து வங்கியில் ஒத்துப்போகிறதா? படுக்கையில் புரண்டு படுக்க முடிகிறதா? வெளியே போவதை, நாலு பேரைப் பார்ப்பதைத் தவிர்க்கிறாரா? இதில் ஒன்று அவரை உண்மையாகவே தொந்தரவு செய்தால் தொடங்கலாம். நடுக்கம் நம் கண்ணுக்குத்தான் தெரிகிறது, அவருக்கு ஒரு குறையும் இல்லை என்றால் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனையோடு காத்திருப்பதிலும் தவறில்லை. இரண்டில் எதுவானாலும் மூச்சு வாங்கும் அளவுக்கு உடற்பயிற்சி வேண்டும்.

கேள்வி: எனக்கு நடுக்கம் மட்டும்தான். மாத்திரை போட்டால் நின்றுவிடுமா?

பதில்: உறுதி கொடுக்க முடியாது. லெவோடோபா நன்றாகக் கேட்பது மெதுவாதலுக்கும் இறுக்கத்துக்கும். நடுக்கம் சிலருக்கு முழுதாக அடங்கும், சிலருக்குப் பாதி. நடுக்கத்துக்கென்று ட்ரைஹெக்ஸிபெனிடில் கொடுப்பதுண்டு. வயதானவர்களுக்கு அது ஞாபக மறதி, குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு தரும் என்பதால் 65 தாண்டியவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்கு முன் ஒன்று பாருங்கள். தலைசுற்றலுக்கு சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்கு ஃப்ளூனரிசின், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு, வலிப்புக்கு வால்ப்ரோயேட் என்று ஏதாவது மாதக்கணக்கில் போடுகிறீர்களா? இவையே நடுக்கத்தை உண்டாக்கக்கூடியவை. முழு மருந்துப் பட்டியலையும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: 48 வயது, வேலைக்குப் போகிறேன். பிரமிபெக்சோல், லெவோடோபா இரண்டில் ஒன்றை என்னையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார் மருத்துவர். எதை வைத்து முடிவு செய்வது?

பதில்: உங்கள் வயதில் இந்தக் கேள்வி நியாயமானது. இளவயதில் நோய் வந்தவர்களுக்கு லெவோடோபாவால் கட்டுப்பாடற்ற அசைவுகள் வரும் வாய்ப்பு கூடுதல். டோபமைனைப் போலவே மூளையில் வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்றவை அதைத் தள்ளிப்போடும். ஆனால் அவற்றுக்கு வேறு விலை உண்டு. பகலில் திடீரென்று தூக்கம் சொக்கும், வண்டி ஓட்டுபவருக்கு இது ஆபத்து. கால் வீங்கும். அதைவிட முக்கியம், மனக்கட்டுப்பாடு தளர்வது: சூதாட்டம், தேவையில்லாமல் வாங்கிக் குவிப்பது, அளவுமீறிச் சாப்பிடுவது, பாலுணர்வு மிகுவது. 2010இல் வெளியான பெரிய ஆய்வில் இந்த வகை மாத்திரை போடுபவர்களில் 17 சதவீதம் பேரிடம் இவை இருந்தன, போடாதவர்களில் 7 சதவீதம். போடுபவருக்கே பெரும்பாலும் தெரியாது. எனவே இதைத் தேர்ந்தெடுத்தால், முதல் நாளே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, கவனிக்கச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்ததில் குடும்பங்கள் கடனில் மூழ்கியிருக்கின்றன. சூதாட்டம், போதை, மன அழுத்தம் முன்பே இருந்திருந்தால் லெவோடோபாவே மேல்.

அறிகுறி மிக லேசாக இருந்தால் மூன்றாவது வழி, ரசாஜிலின் 1 மி.கி., நாளுக்கு ஒரு முறை. பலன் சிறியது, தொந்தரவும் குறைவு. ஆனால் வலி மருந்துகளான டிராமடால், பெத்திடின், டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் உள்ள இருமல் மருந்து ஆகியவற்றோடு சேரவே கூடாது. மன அழுத்த மாத்திரை போடுபவர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: அம்மாவுக்கு லெவோடோபா தொடங்கிய இரண்டாம் நாளே குமட்டல், வாந்தி. "எனக்கு ஒத்துக்கலை" என்று நிறுத்திவிட்டார். வேறு மருந்து மாற்றவா?

பதில்: அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் மருந்து ஒத்துக்கொள்ளாதது காரணமல்ல, தொடங்கிய விதம்தான். அட்டையைப் பாருங்கள். லெவோடோபாவோடு சேர்ந்திருக்கும் கார்பிடோபாதான் குமட்டலைத் தடுப்பது, அது நாளைக்கு 70 முதல் 100 மி.கி.யாவது தேவை. கார்பிடோபா 10, லெவோடோபா 100 உள்ள மாத்திரையை மூன்று வேளை போட்டால் 30 மி.கி.தான் ஆகிறது. 25க்கு 100 உள்ளதை மூன்று வேளை போட்டால் 75 வந்துவிடும். எந்த அளவு எழுதியிருக்கிறது என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வழக்கமாக அரை மாத்திரையில் தொடங்கி, வாரத்துக்கு அரை மாத்திரை வீதம் கூட்டி, மூன்று வேளைக்கு ஒவ்வொரு மாத்திரையாகக் கொண்டுவருவார்கள். முதல் சில வாரம் கொஞ்சம் உணவோடு போடலாம். பழகிய பின் சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ, ஒரு மணி பின்போ போடுவது நல்லது, ஏனென்றால் புரதமும் லெவோடோபாவும் உள்ளே நுழைய ஒரே வாசலில் போட்டி போடுகின்றன. இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேர இடைவெளி. வாந்தி நிற்க டோம்பெரிடோன் தரலாம், இதயக் கோளாறு இருந்தால் ஈசிஜி பார்த்த பிறகு. மெட்டோகுளோப்ரமைடு, புரோகுளோர்பெரசின் இரண்டும் கூடாது, நோயையே மோசமாக்கும்.

கேள்வி: பூனைக்காலி விதையில் இயற்கையான லெவோடோபா இருக்கிறதே, அந்தப் பொடியே போதாதா?

பதில்: இருப்பது உண்மை. வேலை செய்யும் என்பதும் உண்மை. அதனால்தான் அதை மருந்தாகவே நடத்த வேண்டும். பொடிக்குப் பொடி அளவு மாறும், கார்பிடோபாவும் இல்லாததால் குமட்டலும் ரத்த அழுத்தச் சரிவும் கூடும். மாத்திரையோடு சேர்த்தால் அளவு கூடிவிடும். மருத்துவருக்குத் தெரியாமல் போட்டால் அவர் கணக்கு முழுக்கத் தவறிவிடும்.

கேள்வி: இரண்டு வாரம் போட்டும் மாற்றமே தெரியவில்லை. நிறுத்தலாமா?

பதில்: இரண்டு வாரம் போதாது, அளவும் போதாமல் இருக்கலாம். பார்க்கின்சன் என்று உறுதியாக நம்பினால், நாளைக்கு 600 முதல் 1000 மி.கி. வரை படிப்படியாக ஏற்றி, ஓரிரு மாதம் பார்த்த பிறகுதான் கேட்கவில்லை என்று சொல்வார்கள். அப்படியும் அசையவில்லை என்றால் நோயைக் கண்டறிந்ததையே மறுபரிசீலனை செய்ய வேண்டும்.

அதுவரை ஒரு தாளில் நேரம் குறியுங்கள்: மாத்திரை போட்டது, கை இலகுவானது, திரும்ப இறுகியது. கூடவே ரத்த அழுத்தம்: ஐந்து நிமிடம் படுத்தபின் ஒன்று, எழுந்து நின்று 1ஆவது, 3ஆவது நிமிடத்தில் ஒவ்வொன்று. படுத்திருந்ததைவிட நிற்கும்போது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் உடனே சொல்லுங்கள். இல்லாத ஆட்கள் தெரிவது போல் தோன்றினாலும் சொல்லுங்கள்.

நிறுத்துவதென்றாலும் சட்டென்று கூடாது. பல மாதம் போட்டவர் திடீரென நிறுத்தினால் கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, சுயநினைவு குழம்புதல் வரலாம், உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவர் சொல்லும் வேகத்தில்தான் இறக்க வேண்டும். வேறு காரணத்துக்கு அறுவை சிகிச்சைக்காகச் சேர்த்தாலும், எந்த நேரத்துக்கு எந்த மாத்திரை என்ற தாளை அங்குள்ள செவிலியரிடம் கொடுத்து, வெறும் வயிற்றில் இருக்கச் சொன்ன நேரத்தில் இந்த வேளை எப்படிக் கொடுப்பார்கள் என்று முந்தைய நாளே மயக்க மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.