ஒருநாள் கிளம்பும், ஒருநாள் கிளம்பாது: பழைய கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய கார் வைத்திருப்பவர்களுடையவை. ஒரேயடியாகப் படுத்துவிட்ட காரில் கோளாறைக் கண்டுபிடிப்பது சுலபம். நினைத்தால் கிளம்பி, நினைத்தால் நிற்கிற காரில்தான் பணம் கரைகிறது. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 17 வருடப் பழைய பெட்ரோல் கார். முக்கால் மணி நேரம் ஓடியதும் திடீரென்று ஆஃப் ஆகிவிடுகிறது. செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிப்பதில்லை. அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகிறது. ஒர்க்‌ஷாப்பில் முதலில் பிளக், அப்புறம் காயில், அப்புறம் பெட்ரோல் பம்ப், கடைசியாகப் பேட்டரி என்று மாற்றினார்கள். இன்னும் நிற்கிறது. இப்போது ஈசியூவை (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள். பாதி பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சூடேறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. இப்படி நடந்துகொள்ளும் பாகங்கள் சிலதான்.

முதல் சந்தேகம் கிராங்க் சென்சார். கிராங்க் ஷாஃப்ட் எந்த நிலையில், எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது என்று ஈசியூவுக்குச் சொல்வது இதுதான். பல பழைய கார்களில் இதற்குள் மெல்லிய கம்பிச் சுருள் இருக்கும். வயதாகி எங்காவது விரிசல் விட்டிருந்தால் சூட்டில் தொடர்பு அறுந்துவிடும், ஆறியதும் மறுபடி சேர்ந்துகொள்ளும். சிக்னல் வராவிட்டால் பெரும்பாலான கார்களில் ஈசியூ பெட்ரோலும் தராது, ஸ்பார்க்கும் தராது. அடுத்த சந்தேகம் பம்ப்புக்குக் கரண்ட் கொடுக்கும் ரிலே. உள்ளே சால்டர் வைத்த இடத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் இதே கூத்துதான். மூன்றாவது, ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் மாட்யூல்.

அடுத்த முறை நின்றதும் காரை ஓரம் கட்டி, அது ஆறுவதற்குள் இதைச் செய்து பாருங்கள். சாவியை ஆன் செய்து, செல்ஃப் அடிக்காமல் காது கொடுங்கள். டேங்க் பக்கம் ஓரிரு விநாடி பம்ப் ஓடும் சத்தம் கேட்கிறதா? பிறகு செல்ஃப் அடித்துக்கொண்டே ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். நிறைய கார்களில் செல்ஃப் சுற்றும்போதே முள் சற்று எழும்பும். பூஜ்யத்திலேயே கிடந்தால் சென்சார் சிக்னல் போகவில்லை என்ற சந்தேகம் வலுக்கும். எல்லா கார்களிலும் முள் இதைக் காட்டாது. அந்த நேரத்தில் ஈசியூவைப் படிக்கும் ஸ்கேனர் கருவியை மாட்டி, ஈசியூவுக்கு எஞ்சின் வேகம் தெரிகிறதா என்று பார்த்தால் உறுதியாகிவிடும். வேகம் தெரிகிறது, பம்ப் சத்தம்தான் இல்லை என்றால் ரிலே பக்கம் போங்கள்.

இனி, இந்தப் பகுதியில் நான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் விஷயம். உங்களிடம் நான்கு பாகங்களுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். அந்த நான்கில் ஒன்றையாவது, கார் நின்றிருந்த நேரத்தில் யாராவது சோதித்தார்களா? சோதித்திருந்தால் இரண்டாவது பாகமே தேவைப்பட்டிருக்காது. செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது பேட்டரியை ஏன் மாற்ற வேண்டும்? ஊகத்தில் ஒன்றைக் கழற்றி, இன்னொன்றை மாட்டி, அந்த ஊகத்தின் செலவை வண்டிக்காரர் தலையில் கட்டுவது அநியாயம். ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ‘இந்தப் பாகம் போய்விட்டது என்று எந்தச் சோதனையில் தெரிந்தது?’ வோல்ட் அளவு, பெட்ரோல் பிரஷர், ஸ்கேனரில் வந்த எண், ஏதோ ஒன்றைக் காட்டட்டும். பதில் ‘அனுபவத்தில் சொல்கிறேன்’ என்றால் சாவியை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கோளாறைக் கண்டுபிடிப்பதற்கென்று தனியாகக் கூலி கேட்கிறவரிடம் முகம் சுளிக்காமல் கொடுங்கள். மாற்றத் தேவையில்லாத ஒரு பம்ப்பைவிட அது எப்போதுமே குறைவு. கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள்.

சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் கோளாறை ‘எங்களிடம் வந்தபோது நன்றாகத்தானே இருந்தது’ என்று தட்டிக்கழிப்பது இன்று நேற்று வந்த வழக்கமும் இல்லை. 1983 முதல் 1995 வரை ஃபோர்டு நிறுவனம் பல மாடல்களில் இக்னிஷன் மாட்யூலை, பிளக்குகளுக்கு ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும், எஞ்சின் சூடு நேரே தாக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மீதே பொருத்தியது. ஓடும் காரே நின்றது, ஆறியதும் கிளம்பியது. 2000-ல் கலிஃபோர்னியா நீதிபதி ஒருவர், அந்தக் குறையை அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடமிருந்து நிறுவனம் மறைத்தது என்றே சொன்னார். அதுவரை ‘நீங்கள் ஓட்டுவதில்தான் ஏதோ தப்பு’ என்று கேட்டுக்கொண்டு வீடு திரும்பியவர்கள் எத்தனை பேரோ.

கேள்வி: கார் நடுநடுவே நிற்கிறது. ஸ்கேனரில் கோளாறைச் சொல்லும் ‘எரர் கோடு’ ஒன்றும் வரவில்லை. அப்படியானால் மின்சாரக் கோளாறு இல்லைதானே?

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. பலவீனமான பம்ப், தேய்ந்த சாவி ஸ்விட்ச், இளகிய எர்த் ஒயர் எல்லாம் எந்தக் கோடும் காட்டாமலே காரை நிறுத்தும். கோடு வந்தாலும் அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. பி0335 என்று வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் ஏதோ சரியில்லை என்றுதான் பொருள். சென்சாராக இருக்கலாம், கனெக்டரில் ஏறிய பச்சைக் களிம்பாக இருக்கலாம், எலி கடித்த ஒயராகவும் இருக்கலாம்.

கேள்வி: சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம், வேறொன்றும் இல்லை. நாலைந்து முறை திருப்பினால் செல்ஃப் எடுக்கிறது. பேட்டரி புதிது. செல்ஃப் மோட்டாரை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். ரீகண்டிஷன் செய்தது வாங்கலாமா?

பதில்: வாங்குவதற்கு முன்னால் ஒயரைப் பாருங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுரண்டி, இறுக்கி மாட்டுங்கள். அப்புறம் மல்டிமீட்டர். இரவு முழுக்க நின்ற காரில் பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். 12-க்கு வந்துவிட்டதென்றால், புதிதாகவே இருந்தாலும் அதில் சார்ஜ் இல்லை. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8-லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். இது சரியாக இருந்தால், மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் ஒயரில்தான் கோளாறு. அதே மாதிரி பிளஸ் முனையிலிருந்து செல்ஃப் மோட்டார் வரை வைத்துப் பார்த்தால் அரை வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் சரி, அப்போதும் ‘டக்’தான் என்றால் மோட்டாருக்குக் கரண்ட் விடும் சொலினாய்டோ, உள்ளே உரசும் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. அப்போது மெக்கானிக் சொல்வது நியாயம்.

ரீகண்டிஷன் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் வாங்கியது பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, பிளாஸ்டிக் உறையில் வந்தது. அந்த மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கழற்றிப் பார்த்தால் உள்ளே பழைய பிரஷ், நகக்கண் அளவுக்குத் தேய்ந்து கிடந்தது. பழைய கிரீஸைக்கூடத் துடைக்காமல் மூடியிருந்தார்கள். விற்றவர் ‘எலெக்ட்ரிக்கல் சாமானுக்குக் கேரண்டி கிடையாது’ என்று முடித்துக்கொண்டார். அதனால் சொல்கிறேன், எதெதை மாற்றினார்கள் என்று பில்லில் எழுதித் தராத ரீகண்டிஷன் சாமானை வாங்காதீர்கள். உங்கள் மோட்டாரையே கண்ணெதிரே பிரித்து, பிரஷ்ஷும் புஷ்ஷும் மாற்றித் தருகிற ஆள் கிடைத்தால் அதுவே மேல்.

கேள்வி: போன மாதம் செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினேன். காலையில் ஸ்டார்ட் ஆகவே மாட்டேன் என்கிறது. வாங்கும்போது முதல் திருப்பிலேயே கிளம்பியது. நிறமும் உள்ளே சீட்டும் பிடித்துப்போனதால் அன்றே முழுப் பணமும் கொடுத்துவிட்டேன். விற்றவர் இப்போது போன் எடுப்பதில்லை.

பதில்: பானெட்டைத் தொட்டுப் பார்த்தீர்களா? நீங்கள் போவதற்கு முன்பே அவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார். பழைய காரை ஆறிய எஞ்சினில், காலையில், நாமே சாவி போட்டுக் கிளப்பிப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்று இந்தப் பகுதியில் எத்தனையோ முறை எழுதிவிட்டேன். சீட்டைப் பார்த்த நேரத்தில் பாதி இதற்குப் போதும். அவர் எழுத்தில் ஏதாவது உறுதி கொடுத்திருந்தால் அதை வைத்து நோட்டீஸ் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு மட்டும்தான் என்றால், இன்னொரு செலவு செய்வதற்கு முன் மேலே சொன்ன வோல்ட் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: நான் ஓய்வு பெற்றவள், தனியாக இருக்கிறேன். இருபது நிமிடம் ஓட்டினால் கார் இழுக்காமல் திணறி நின்றுவிடும். டேங்க் மூடியைத் திறந்தால் ‘உஸ்’ என்று காற்று உள்ளே போகிறது. இதை மெக்கானிக்கிடம் சொன்னேன், அவர் கேட்கவில்லை. பம்ப் மாற்றினார். மறுபடி நின்றது. ‘பழைய கார் என்றால் அப்படித்தான் அம்மா’ என்கிறார்.

பதில்: நீங்கள் கண்டுபிடித்ததுதான் சரியாக இருக்கும், அம்மா. பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்று வர வேண்டும். மூடியிலோ அதற்கான குழாயிலோ வழி அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்ப் இழுத்தாலும் பெட்ரோல் வராது. காற்று வெளியே வந்தால் பெரும்பாலும் வெயிலின் வேலை, பயமில்லை. உள்ளே போவதுதான் கவனிக்க வேண்டியது. அடுத்த முறை நின்றதும் மூடியைத் திறந்து மூடிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். உடனே கிளம்பி நன்றாக ஓடினால் அடைப்பு உறுதி. முதலில் மூடியை மாற்றுங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் காற்றுக் குழாயைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடைப்பு உறுதியானால் சும்மா விடாதீர்கள். மூடியைப் பற்றி முன்கூட்டியே சொன்னதையும், பம்ப் மாற்றியும் கோளாறு தீராததையும் தேதியோடு எழுதி, பில் நகலுடன் அந்த ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, பணத்தைத் திரும்பக் கேளுங்கள். நீங்கள் சொன்னதைக் காதில் வாங்காமல் செய்த வேலைக்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்?

கேள்வி: ஸ்டார்ட் ஆகி ஓரிரு விநாடியில் நின்றுவிடுகிறது. சாவிப் படம் போட்ட விளக்கு மின்னுகிறது.

பதில்: திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: டீசல் கார், குளிர்ந்த காலையில் கிளம்ப நேரமாகிறது. ஸ்டார்ட்டிங் ஸ்பிரே வாங்கலாமா?

பதில்: வேண்டாம். குளிரில் கிளம்ப உதவும் ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அந்த ஸ்பிரே கண்ட நேரத்தில் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கலாம். ஹீட்டர் பிளக்குகளைச் சோதியுங்கள், டீசல் லைனில் எங்காவது ஏர் இழுக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஏசி போட்டுக்கொண்டு சிக்னலில் நின்றால் எஞ்சின் ஆஃப் ஆகிறது. ஐடிலிங்கை (நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஏற்றிவிட்டால் சரியாகும் என்கிறார்கள்.

பதில்: ஏற்றினால் கோளாறு மறையும், பெட்ரோல் குடிக்கும். எஞ்சினுக்குக் காற்றை விடும் திராட்டில் பாடியில் கரி படிந்திருக்கும், அல்லது ஐடில் வால்வு ஒட்டிக்கொண்டிருக்கும். சுத்தம் செய்தாலே பெரும்பாலும் போதும். அதற்கும் அடங்காவிட்டால் ரப்பர் ஹோஸ்களில் வெடிப்பு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக வளைத்துப் பாருங்கள்.

கேள்வி: டேங்கில் ஊற்றினால் எல்லா ஸ்டார்ட்டிங் பிரச்சினையும் தீரும் என்று ஒரு பாட்டில் விற்கிறார்கள்.

பதில்: வாங்காதீர்கள்.

கேள்வி: பள்ளத்தில் ஏறி இறங்கும்போது சில சமயம் எஞ்சின் நின்று, டேஷ்போர்டு விளக்குகளும் அணைந்துவிடுகின்றன. சாவிக் கொத்தில் வீட்டு, ஆபீஸ் சாவிகள் எல்லாம் இருக்கின்றன. அவசரமாகப் பார்க்க வேண்டிய விஷயமா?

பதில்: இன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம். விளக்குகளும் சேர்ந்து அணைகிறது என்றால் மொத்தக் கரண்டும் அறுகிறது. சாவி ஸ்விட்ச் தேய்ந்திருக்க வேண்டும், அல்லது பேட்டரி டெர்மினல் இளகியிருக்க வேண்டும். 2014-ல் ஜெனரல் மோட்டார்ஸ் சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதே மாதிரி ஸ்விட்சுக்காகத்தான். கொத்தின் கனத்திலோ குலுக்கலிலோ சாவி தானாக நழுவி எஞ்சின் நின்றது, ஏர்பேக்கும் வேலை செய்யவில்லை. அந்த நிறுவனம் அமைத்த இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் மட்டும் 124.

முதலில் கார் சாவியைக் கொத்திலிருந்து கழற்றித் தனியாக வையுங்கள். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, சாவியை லேசாக ஆட்டிப் பாருங்கள். எஞ்சின் தடுமாறினால் ஸ்விட்சை மாற்றுங்கள். தடுமாறாவிட்டால் டெர்மினல்களையும் எர்த் ஒயரையும் அதே மாதிரி ஆட்டிப் பாருங்கள். உங்கள் மாடலுக்குத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று சேஸிஸ் நம்பரைக் கொடுத்து நிறுவனத்திடம் கேளுங்கள். இருந்தால் ஸ்விட்சுக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியிருக்காது. சரியாகும் வரை நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். ஓடும்போது நின்றுவிட்டால் பவர் ஸ்டீயரிங் கனத்துவிடும், பிரேக்கில் ஓரிரு மிதிக்குத்தான் உதவி மிச்சம் இருக்கும். விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக மிதித்து ஓரம் கட்டுங்கள். வண்டி நிற்கும் வரை சாவியை உருவாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.