துணி மூட்டை வேண்டாம், கிணற்றைப் பாருங்கள்

கல்லூரிப் பிள்ளைகளோடு சனி, ஞாயிறு வந்து குழித்துறை ஆற்றோரம் வெள்ளம் வடிந்த ஊரில் உதவலாமா, பழைய துணி கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்க தம்பி, துணி மட்டும் வேண்டாம். 2004 சுனாமிக்கு வந்த பழந்துணி பல இடங்களில் தெருவோரம் குப்பையாகத்தான் கிடந்தது.

இரண்டு நாளில் உருப்படியாகச் செய்யக்கூடியது கிணற்று வேலை. எங்கள் பக்கம் கிணறு இல்லாத வீடு குறைவு. சேறு வாருவதைப் பழகிய உள்ளூர் ஆட்களிடம் விடுங்கள். ஊறிய சுவர் சரியும், உள்ளே விஷவாயுவும் இருக்கலாம். மோட்டார் போட்டு ஒரேயடியாக இறைக்கவும் கூடாது. அப்புறம் கிருமி சாக ப்ளீச்சிங் பவுடர். 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் என்பது சாதாரண நாள் கணக்கு. வெள்ளம் புகுந்த கிணற்றுக்குக் கூடுதலாக வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொடியை அப்படியே கொட்டாதீர்கள். வாளியில் கரைத்து, பொடியிலுள்ள சுண்ணாம்பு அடியில் தங்கியதும் தெளிந்ததை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிறு கட்டி இறக்கி, தண்ணீருக்குள் மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரமாவது யாரும் தண்ணீர் இறைக்க வேண்டாம். மூக்கை மூடிக்கொள்ளுங்கள், நெடி தூக்கும்.

கிளம்புமுன் ஊராட்சி அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். சாப்பாடும் குடிதண்ணீரும் உங்கள் கையில் இருக்கட்டும்.