அப்பா டயாலிசிஸ், காப்பீட்டு கார்டுல பேரு இல்ல - பதில்
மேலூர் தம்பி, அப்பாவுக்கு வாரம் ரெண்டு டயாலிசிஸ், கார்டுல பேரு இல்லன்னு கவுண்டர்ல திருப்பி விட்டாங்கன்னு எழுதியிருந்தீங்கல்ல, பதறாதீங்க, முதல்ல ரேஷன் கார்டை எடுத்துப் பாருங்க, முதலமைச்சர் மருத்துவக் காப்பீடு அதை வச்சுத்தான் குடும்பத்தைக் கணக்கு பண்ணுது, அதுல அப்பா பேரு இல்லாட்டி சேத்துட்டுத்தான் மத்த வேலை. அப்புறம் விஏஓகிட்ட வருமானச் சான்று, வருசத்துக்கு 1,20,000க்குள்ள இருக்கணும். ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் தூக்கிட்டு மதுரை கலெக்டர் ஆபீஸ்ல இருக்க காப்பீட்டு மையத்துக்குப் போங்க, அப்பாவையும் கூட்டிட்டுப் போறது நல்லது, போட்டோ, கைரேகை எடுப்பாங்க. டயாலிசிஸ் இல்லாத நாளாப் பாத்துப் போங்க, எங்கம்மாவை ஊசி குத்துன கையோட வரிசைல நிக்க வச்ச பாவி நானு.

எங்கம்மா ஆதார்ல ஒரு இனிசியல், ரேஷன் கார்டுல வேற இனிசியல், அதுக்கே மூணு நடை நடந்தேன். ரெண்டையும் பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா பாத்துக்கங்க.

கார்டு வர்ற வரைக்கும் ஒரு தடவைகூட டயாலிசிஸ் விடக்கூடாது, நேரா மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. கைக்காசு கட்டிட்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு நினைக்காதீங்க, இது கேஷ்லெஸ் திட்டம், காசு நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போகும், நம்ம கைக்கு வராது. கார்டு வந்தப்புறம் யாராச்சும் தனியா காசு கேட்டா காப்பீட்டுத் திட்டத்தோட இலவச நம்பர் 1800 425 3993க்கு அடிங்க.